இல்லம் தேடிச் சென்ற மருத்துவம்: சிட்லிங்கி பள்ளத்தாக்கு கற்றுத்தரும் பாடம்



ஓர் ஊரில் மருத்துவ சேவை ஒன்றைத் தொடங்குவது அரிய செயல். தொடங்கிய சேவையைப் பத்தாண்டு, இருபதாண்டு என்று தொய்வின்றி நடத்திச் செல்வது அதனினும் அரிய செயல். இலவச மருத்துவ முகாம்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. மருத்துவர்கள் வருகிறார்கள், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கப்படுகின்றன, மருந்துகள் வழங்கப்படுகின்றன. மாலையில் பந்தல் பிரிக்கப்பட்டு விடுகிறது. மறுநாள் காலையில், பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையைப் பிடித்து நடக்கப் பழக்குபவர் யார்? பிறவியிலேயே தசை இறுக்கத்தால் அவதியுறும் குழந்தைக்கு அன்றாடப் பயிற்சி அளிப்பவர் யார்? இந்த வினாவிற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது தருமபுரி மாவட்டத்திலேயே அதற்கான வரலாறு ஒன்று உண்டு.

மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு

அரூருக்குக் கிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே அமைந்துள்ளது சிட்லிங்கி பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் இங்கு வாழ்கின்றனர். மலையாளி என்ற பெயர் கேரள மக்களைக் குறிப்பதன்று. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. இவர்கள் பேசுவது தமிழே. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இவர்களின் பழைய பயிர்கள்.

1990களின் தொடக்கத்தில் இப்பள்ளத்தாக்கில் மருத்துவமனை கிடையாது. அரூர் மருத்துவமனைக்குச் செல்ல ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவைப்படின் சேலத்திற்கோ தருமபுரிக்கோ செல்ல வேண்டும். பேருந்து வசதியோ மிகவும் குறைவு. பிரசவங்கள் வீட்டிலேயே நிகழ்ந்தன. பிறந்த 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அக்காலத்தில் இந்தியாவின் சராசரியே 80க்குள் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் கொடுமை விளங்கும். குழந்தைகளைக் கொண்டு சென்றவை பெரும்பாலும் அரிய நோய்கள் அல்ல. வயிற்றுப்போக்கு, நிமோனியா, தொப்புள்கொடி வழியாகப் பரவும் தொற்று, பிறந்தவுடன் உடல் குளிர்ந்து போதல் ஆகியவையே. உரிய நேரத்தில் அருகில் விவரமறிந்த ஒருவர் இருந்திருப்பாரேயானால் இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்க இயலும்.

குடிசையில் பிறந்த மருத்துவமனை

இச்சூழலில்தான் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்னும் இளம் மருத்துவத் தம்பதியர் சிட்லிங்கிக்கு வந்தனர். கேரள மாநிலம் ஆலப்புழையில் மருத்துவம் பயின்ற இவர்கள், திண்டுக்கல் அருகேயுள்ள காந்திகிராமத்தில் பணியாற்றியவர்கள். ஒருவர் மயக்க மருந்தியல் வல்லுநர். மற்றவர் மகப்பேறு மருத்துவர். தங்களது பணி எங்கே மிகவும் தேவைப்படுகிறது என்பதைக் கண்டறிய நாட்டின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்த பின்னரே இப்பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தனர். 1993ஆம் ஆண்டு ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற பெயரில் அவர்களது அமைப்பு பணியைத் தொடங்கியது.

முதல் மருத்துவமனை, ஊர் மக்கள் துணைநின்று கட்டிய ஓர் ஓலைக் குடிசை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அக்குடிசையிலேயே சிகிச்சையும் பிரசவமும் நடைபெற்றன. பின்னர் சிறிய கட்டடம் ஒன்று எழுந்தது. அது படிப்படியாக வளர்ந்து, அறுவைச் சிகிச்சை அரங்கமும் ஆய்வகமும் கொண்ட, 30க்கும் மேற்பட்ட படுக்கைகளுடைய மருத்துவமனையாக உயர்ந்தது.

செவிலியரான பள்ளத்தாக்குப் பெண்கள்

கட்டடம் வளர்ந்தது பெருமைக்குரியதே. ஆயினும் இந்த வரலாற்றின் உயிர்நாடி கட்டடத்தில் இல்லை. நகரத்திலிருந்து செவிலியரை வரவழைத்தால் அவர்கள் எத்தனை மாதம் தங்குவர் என்பது ஐயமே. எனவே, இம்மருத்துவர்கள் பள்ளத்தாக்கிலுள்ள பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி அளித்தனர். பட்டப்படிப்பு இல்லாத அப்பெண்கள், பிரசவம் பார்க்கவும், ஊசி போடவும், ஆய்வகச் சோதனை செய்யவும், அறுவைச் சிகிச்சைக்கு உதவவும் கற்றுத் தேர்ந்தனர்.

இரண்டாவது ஏற்பாடு இதனினும் எளியது. ஒவ்வொரு சிற்றூரிலிருந்தும் மணமான பெண்மணி ஒருவர் நலப் பணியாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருமணமாகி வேற்றூர் செல்லும் இளம்பெண்ணைக் காட்டிலும், அவ்வூரிலேயே நிலைத்து வாழும் பெண்மணியே நெடுங்காலம் பணியாற்ற முடியும். இவர்கள் கர்ப்பிணிகளின் இல்லம் தேடிச் சென்று உடல்நிலையை விசாரித்தனர். பச்சிளங்குழந்தையைத் துணியில் போர்த்தித் தாயின் உடற்சூட்டில் வைத்திருக்கச் சொன்னார்கள். வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் புகட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய தருணம் எது என்பதையும் உணர்த்தினார்கள்.

மகாராஷ்டிர மாநிலம் ஜாம்கேட்டில் 1970ஆம் ஆண்டில் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலே, டாக்டர் மேபல் ஆரோலே ஆகியோர் மேற்கொண்ட முயற்சியும் இத்தகையதே. எழுத்தறிவில்லாத கிராமத்துப் பெண்களை அவர்கள் நலப் பணியாளர்களாக்கிக் காட்டினார்கள். அந்த வழி நமது மாவட்டத்திலும் பலனளித்தது. சிட்லிங்கியில் குழந்தை இறப்பு விகிதம் காலப்போக்கில் 1000க்கு 20ஐ ஒட்டிய அளவுக்குக் குறைந்தது.

நோயின் வேர் வயலிலும் இருந்தது

நோய் குறைந்த பின்னரும் வறுமை குறையவில்லை. சிறுதானியம் விளைந்த நிலங்களில் பருத்தி, மரவள்ளி போன்ற பணப்பயிர்கள் இடம்பிடித்திருந்தன. உரத்திற்கும் பூச்சிமருந்திற்கும் கடன் பெருகியது. உணவில் சத்து குறைந்தது. பிழைப்புத் தேடி இளைஞர்கள் வெளியூர் சென்றனர். மாத்திரை கொடுத்து மட்டும் இதனைச் சரிசெய்ய இயலாது என்பதை உணர்ந்த மருத்துவர்கள், விவசாயிகளுடன் கலந்து பேசினர். அதன் பயனாகச் சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் உருவாயிற்று. லம்பாடிப் பெண்கள் மறக்கத் தொடங்கியிருந்த தங்களது பாரம்பரியத் தையற்கலையை மீட்டெடுத்து, ‘பொர்கை’ என்ற பெயரில் கைவினைத் தொழிலை நடத்தினர். அம்மக்களின் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். மருத்துவ சேவை நிலைபெற வேண்டுமாயின் சேவை பெறும் மக்களின் வருவாயும் நிலைபெற வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

செலவுக்கு வழி என்ன?

எந்தப் பொதுச் சேவைக்கும் இரண்டாவது பெரும் சோதனை பணம். இதற்கு நமது முன்னோர் கண்ட வழி வக்ஃபு. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கி.பி. 1284ஆம் ஆண்டில் எழுப்பிய மன்சூரி மருத்துவமனைக்குக் கட்டடங்கள், கடைகள் முதலியவற்றின் வாடகை வருவாய் வக்ஃபாக எழுதி வைக்கப்பட்டது. செல்வர், ஏழை, ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. நிலையான வருவாய் இருந்தமையால் அதனை நிறுவிய சுல்தானின் காலத்திற்குப் பின்னரும் பல நூற்றாண்டுகள் அது இயங்கியது.

பெரும் சொத்து இல்லாத ஊர்களுக்கு அண்டை மாநிலமான கேரளம் வேறொரு வழியைக் காட்டியுள்ளது. 1993ஆம் ஆண்டு டாக்டர் எம்.ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோரின் முயற்சியால் கோழிக்கோட்டில் வலிநிவாரணப் பராமரிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. புற்றுநோய் முற்றியவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் இல்லத்திலேயே பராமரிப்பு அளிப்பது அதன் நோக்கம். அப்பணி மலப்புரம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாகவே மலர்ந்தது. ஊரார் சிலர் வாரந்தோறும் சில மணி நேரத்தை இதற்கென ஒதுக்கிப் பயிற்சி பெற்றனர். கடைகளில் உண்டியல் வைத்தும், வீடுகளில் சிறுதொகை திரட்டியும் செலவை ஈடுகட்டினர். ஒரு பெரும் புரவலரை நம்பியிருக்கும் சேவை, அவரது நிலை மாறும்போது தடுமாறும். ஆயிரம் பேர் சிறுகச் சிறுகக் கொடுக்கும் சேவையை அந்த ஆபத்து எளிதில் அணுகாது. 2008ஆம் ஆண்டில் கேரள அரசு இத்தகைய பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது.

அரசின் திட்டம்

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு வரை அப்பகுதியும் நமது தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததே. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்தை வீட்டில் கொண்டுவந்து தருவதோடு, இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் இல்லத்திலேயே அளிப்பது இத்திட்டத்தின் சிறப்பாகும். இதிலும் வீடு வீடாகச் செல்பவர்கள் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண் தன்னார்வலர்களே.

இயன்முறைச் சிகிச்சை என்பது ஒருநாள் மருந்தன்று. பக்கவாதம் கண்டவரின் தோளையும் விரல்களையும் நாள்தோறும் அசைத்துப் பழக்காவிட்டால் மூட்டுகள் இறுகிவிடும். தாமாகப் புரள இயலாதவரைச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் உண்டாகும். சிகிச்சையாளர் மாதத்திற்குச் சில முறையே வர இயலும். இடைப்பட்ட நாட்களில் பயிற்சி அளிக்க வேண்டியவர்கள் வீட்டாரும் அண்டை அயலாருமே. சிட்லிங்கியின் வரலாறு நமக்குப் பயன்படுவது இவ்விடத்தில்தான்.

நமது மஹல்லாவில் செய்யத்தக்கவை

பெரிய மருத்துவமனை கட்டும் வல்லமை எல்லா ஜமாஅத்துகளுக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் சில காரியங்கள் எந்த ஜமாஅத்துக்கும் இயலும். முதலாவதாக, படுக்கையிலும் நடமாட இயலாமலும் இருப்பவர்கள் எந்தெந்த வீடுகளில் உள்ளனர் என்பதை, சமய வேறுபாடின்றி, தெருவாரியாகக் கணக்கெடுக்கலாம். இரண்டாவதாக, ஆண்கள் இருவர், பெண்கள் இருவர் என நால்வரையேனும் தேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலாகப் பராமரிப்பு முறைகளைக் கற்கச் செய்யலாம். மூன்றாவதாக, சக்கர நாற்காலி, நடைதாங்கி, காற்று மெத்தை ஆகியவற்றை வாங்கி வைத்து, தேவைப்படுவோர்க்கு இரவலாகக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். நான்காவதாக, இதற்கென ஒரு சிறு உண்டியலும் தனிக் கணக்குப் புத்தகமும் வைத்து, ஆண்டறிக்கையில் வரவு செலவை வெளியிடலாம்.

மருந்து எழுதுவதும் பயிற்சி வகுத்துக் கொடுப்பதும் மருத்துவர், சிகிச்சையாளர் ஆகியோரின் பொறுப்பு. அதில் நாம் தலையிடலாகாது. அவர்கள் வகுத்ததை நாள் தவறாமல் செய்விப்பதே ஊராரின் பொறுப்பு.

சிட்லிங்கிக்கு வந்த மருத்துவர்கள் இருவர். அவர்களது பணியை 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தாங்கி நிற்பவர்களோ, அந்த மண்ணிலேயே பிறந்து, கற்று, அங்கேயே வாழும் பெண்கள். நமது தெருக்களிலும் அத்தகைய சகோதர சகோதரிகள் இருக்கின்றனர். அவர்களை அடையாளம் கண்டு பயிற்சிக்கு அனுப்பும் முதற்பணியை ஜமாஅத் நிர்வாகத்தினரும் உறுப்பினர்களும் இவ்வாண்டிலேயே மேற்கொள்ள வேண்டும் என்பதே நமது அவா.