பிறர் மதம் மேற்கொண்டு களைதல்: 1956ஆம் ஆண்டு மொழி விவாதத்திற் கொல்வின் ஆர். டி சில்வா

எதிர்வாதியின் கொள்கையை அடியோடு மறுப்பது ஒரு முறை. அதனை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவது பிறிதொரு முறை. நன்னூலார் எழுவகை மதங்களுள் இவ்விரண்டையும் வேறாகவே வைத்தார். நூல் செய்வார்க்குக் கூறிய அவ்விலக்கணம் புரட்சி பேசுவார்க்கும் பொருந்துமென்பதற்கு ஈழத்தில் ஒரு சான்றுண்டு.

1956 யூன் 5ஆந் திகதி, சிங்களம் ஒன்றையே அரச கரும மொழியாக்கும் மசோதாவைப் பிரதமர் பண்டாரநாயக்கா பிரதிநிதிகள் சபையிற் சமர்ப்பித்தார். அன்றே காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகஞ் செய்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். சபையில் மசோதாவை எதிர்த்தோருள் லங்கா சமசமாசக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாவின் நிலை இக்கட்டானது. அவர் சிங்களவர், அவர் கட்சியை ஆதரித்தோருட் பெரும்பாலாரும் சிங்களவரே. 1936இல் என். எம். பெரேராவுடன் சேர்ந்து நீதிமன்றங்களிற் சுயபாஷை வழங்கவேண்டுமென வாதாடிய பிலிப் குணவர்த்தனாவோ இப்போது அமைச்சராய் எதிர்வரிசையில் வீற்றிருந்தார்.

தமிழர்க்கு நேரும் அநீதியை மட்டும் எடுத்துரைத்திருப்பின், அவ்வரிசையிற் கேட்பார் இரார். ஒரு மொழி இருந்தால் நாடு ஒன்றாகும் என்பது மசோதாவை ஆதரித்தோரின் நியாயங்களுள் ஒன்று. கொல்வின் ஒற்றுமையென்னும் அக்குறிக்கோளை மறுத்தாரல்லர், தமதாக்கிக்கொண்டார். வேண்டுவது ஒரு நாடா, இரு நாடா என அவர்களையே வினவினார். இரு மொழிக்கும் இடமளித்தால் நாடு ஒன்றாய் நிற்கும். ஒரு மொழியே என்றால் இரண்டாய்ப் பிளக்கும் என்றார். பிளவுண்ட துண்டுகளை ஏகாதிபத்தியம் விழுங்கிவிடும் என்று எச்சரித்து, எதிரணியின் அந்நிய வெறுப்பையும் தம் வாதத்துக்குத் துணையாக்கினார்.

ஆயினும் மசோதா நிறைவேறியது. விவாதம் முடியுமுன்னரே, களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே வெகுதொலைவிலல்லாத பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்கில், கல்லோயாக் குடியேற்றங்களிலே, தமிழர் பலர் கொலையுண்டனர். அவ்வுரை தோற்றமைக்குக் காரணம் சபையில் இல்லை, வெளியிலேயே உண்டு. சிங்களத்திற் கற்ற இளைஞனுக்கு ஆங்கிலங் கற்றோர் கையிலிருந்த உத்தியோகமே குறி. நாடு பிளவுபடுமென்பது அவனுக்குத் தூரத்து இடிமுழக்கம். அவன் வயிற்றுப்பாட்டை அவ்வாதம் தொடவில்லை.

இதனினும் கசப்பானது பின்னர் நிகழ்ந்தது. 1970இல் அமைந்த அரசாங்கத்தில் அரசியலமைப்பு விவகார அமைச்சரானவர் கொல்வினே. அவர் முன்னின்று ஆக்கிய 1972ஆம் ஆண்டின் யாப்பு, தன் 7ஆம் பிரிவில், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிங்களமே அரச கரும மொழியென விதித்தது. பிறர் மதத்தை ஏற்றார், இம்முறை களைந்திலர். முன்பு அவரோடு ஒருங்கே எதிர்த்து வாக்களித்த தமிழரசுக் கட்சியினர், தம் மொழித் திருத்தம் நிராகரிக்கப்பட்டதும், 1971 யூன் மாதத்தில் அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறினர்.