ஒரே ஊர்... குளிரில் மைனஸ் 40, கோடையில் 30 டிகிரி: யாகுட்ஸ்க் வானிலை மாதவாரியாக எப்படி?

ரஷ்யாவின் சைபீரியாவில், 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கும் நகரம் யாகுட்ஸ்க். உலகின் மிகக் குளிரான பெரிய நகரம்னு இதைத்தான் சொல்றாங்க.

ஏன் இவ்வளவு குளிர்?
கடல் ரொம்ப தூரம். குளிர்காலத்தில் காற்று அசையாமல், குளிர் பள்ளத்தாக்கிலேயே தேங்கிவிடும்.

நவம்பர் - மார்ச்:
ஜனவரியில் மைனஸ் 40 டிகிரி சகஜம். வாகனப் புகை உறைந்து ஊரையே மூடும். லேனா ஆறு இறுகி, அதன் மேல் லாரிகளே ஓடும்.

ஏப்ரல் - மே:
பனி இளகும், ஆற்றுச் சாலை மூடப்படும். மே மாதம் பனிப்பாளங்கள் உடைந்து அடைத்துக்கொண்டால் கரையோர ஊர்களில் வெள்ளம்தான்.

ஜூன் - ஆகஸ்ட்:
30 டிகிரியைத் தாண்டும் வெயில், கொசு, காட்டுத்தீப் புகை. அக்கரைக்குப் படகில் போகலாம்.

செப்டம்பர் - அக்டோபர்:
பனி கொட்டத் தொடங்கும். ஆறு உறையும்போது படகும் ஓடாது, சாலையும் இருக்காது. பாலம் இல்லாததால் அக்கரைக்குப் போவது பெரும்பாடு.

இப்போ என்ன கவலை?
இங்கே நிலத்தடி மண் ஆண்டு முழுக்க உறைந்தே இருக்கும். வீட்டுச் சூட்டில் அது இளகாமல் இருக்கவே கட்டடங்களைத் தூண்கள் மேல் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுறாங்க. புவி வெப்பமயமாதலால் அந்த மண்ணே இளகினால், தூண்கள் இறங்கும். சுவர்கள் விரிசல் விடும். குளிரில் வாழப் பழகிய ஊருக்கு, குளிர் குறைவதுதான் ஆபத்து.