கழிப்பறைப் பழக்கத்துக்குக் குழந்தை ஆயத்தமாதல்: திண்டுக்கல் வட்டாரம்

சிறுநீரோ மலமோ வருவதைக் குழந்தை தானே உணர்ந்து, இடம் சேரும்வரை அடக்கி, உரிய இடத்தில் கழிக்கக் கற்றுக்கொள்வதே கழிப்பறைப் பழக்கம். இதற்கான ஆயத்தம் பெரும்பாலான குழந்தைகளிடம் 18 மாதத்துக்கும் 30 மாதத்துக்கும் இடையில் சிறிது சிறிதாகக் கூடிவருகிறது. ஒரே நாளில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு நடுவில்கூட ஓராண்டு வித்தியாசம் இருக்கலாம். அதனால் வயதைக் கேட்டுத் தொடங்குவதைவிடக் குழந்தையைப் பார்த்துத் தொடங்குவதே சரி.

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் இன்று இரண்டு முறைகள் ஒரே வீட்டுக்குள் சந்திக்கின்றன. கைக்குழந்தையாக இருக்கும்போதே தொடங்கிவிடுவது பாட்டிமார் வழக்கம். அறிகுறி தெரியும்வரை பொறுத்திருக்கச் சொல்வது மருத்துவர் வழக்கம். இவை மோதிக்கொள்வதாகத் தோன்றினாலும் இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு.

பெரியவர்கள் வழக்கம்

கழுத்து நின்று, பிடித்தால் உட்காரத் தொடங்கிய குழந்தையை, கால் நீட்டி அமர்ந்த பாட்டி தன் இரு பாதங்களின் மேல் குந்தவைத்து, கீழே செய்தித்தாளை விரித்து, "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்புவார். தூங்கி எழுந்ததும் ஒருமுறை, பால் குடித்த சற்று நேரத்தில் ஒருமுறை. இந்த நேரத் தேர்வு தற்செயலானதன்று. வயிற்றில் உணவு இறங்கியதும் பெருங்குடல் அசைந்து மலத்தை முன்னே தள்ளுவது உடலின் இயல்பு. சிறு குழந்தைகளிடம் இது வலுவாக இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு வெளியிலும் இத்தகைய வழக்கம் உண்டு. கென்யாவின் டிகோ மக்கள் பிறந்த சில வாரங்களிலேயே ஒலியும் இருக்கும் நிலையும் காட்டிப் பழக்குவதையும், ஆறு மாதத்துக்குள் குழந்தைகள் அதற்கு ஒத்துழைப்பதையும் 1977இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்தது. வியட்நாம் தாய்மார் சீழ்க்கை ஒலியைப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். காலில் வைத்துப் பழக்கும்போது நேரத்தை அறிந்திருப்பவர் பெரியவர். குழந்தை ஒலிக்கும் அமர்வுக்கும் இசைகிறது. பாட்டி ஊருக்குப் போய்விட்டால் பழக்கமும் நின்றுவிடுவது இதனால்தான். இரண்டு வயதையொட்டி வருவது வேறு ஆற்றல்: குழந்தை தானே அறிந்து, தானே அடக்கி, தானே சொல்வது. முன்னதைச் செய்த குழந்தைக்குப் பின்னது எளிதாகலாம். ஆனால் முன்னது நடந்துவிட்டது என்பதற்காகப் பின்னதும் முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது. "ஒரு வயசுலயே பழகிட்டான், இப்ப என்னவோ வேணும்னே பண்றான்" என்று ஒன்றரை வயதுக் குழந்தையின் மேல் விழும் பழி இந்தக் குழப்பத்தில் பிறப்பது.

பாட்டிமார் வழக்கத்தில் நாம் கைவிடக் கூடாத ஒன்று, அந்த ஓயாத கவனிப்பு. பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைக் கிழித்துக் கட்டிய துணியில் இருக்கும் குழந்தை எப்போது நனைத்தது, எத்தனை முறை நனைத்தது என்பது வீட்டுக்கே தெரிந்தது. அமெரிக்காவில் 1961இல் பாம்பர்ஸ் வந்தபின் உலகெங்கும் பரவிய டயப்பர், இன்று வேடசந்தூர், நிலக்கோட்டை மளிகைக் கடைகளிலும் சரமாகத் தொங்குகிறது. பயணத்துக்கும் இரவுக்கும் அது பெரிய உதவி. பகல் முழுக்கப் போட்டுவிட்டால் குழந்தைக்கு நனைந்த உணர்வே எட்டுவதில்லை, பெரியவர் கண்ணுக்கும் எதுவும் படுவதில்லை. சித்திரை வைகாசி வெயிலில் தொடையிடுக்குப் புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

உடலில் நடப்பது

பிறந்த குழந்தை நாளுக்கு ஏறத்தாழ 20 முறை சிறுநீர் கழிக்கும். பை நிறைந்ததும் தானாக வெளியேறும். இரண்டு வயதை ஒட்டிப் பையின் கொள்ளளவு சுமார் 100 மில்லி லிட்டர் அளவுக்கு வளர்கிறது. நிறைந்திருக்கும் செய்தி மூளைக்கு எட்டுவதும், சுருக்குத் தசையை விரும்பியபோது இறுக்குவதும் இந்தக் காலத்தில் கைகூடுகின்றன. கட்டுப்பாடு பொதுவாக ஒரு வரிசையில் வரும். முதலில் இரவில் மலம் கழிப்பது நிற்கும், அடுத்துப் பகலில் மலம், பிறகு பகலில் சிறுநீர், கடைசியாக இரவில் சிறுநீர். சராசரியாகப் பெண் குழந்தைகள் சில மாதங்கள் முந்துகிறார்கள். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பகலில் நனைக்காமல் இருக்கும் நடுமதிப்பு வயது பெண்களுக்கு 32.5 மாதம், ஆண்களுக்கு 35 மாதம்.

அறிகுறிகள்

பகலில் இரண்டு மணி நேரமாவது துணி நனையாமல் இருத்தல், மதியத் தூக்கத்திலிருந்து நனையாமல் எழுதல், மலம் கழிக்கும் நேரம் ஓரளவு ஒழுங்குபடுதல் ஆகியவை உடல் முதிர்ந்து வருவதைக் காட்டும். தடுமாறாமல் குந்தி எழவும், ஜட்டியைத் தானே இறக்கவும் முடிய வேண்டும். நம் வீட்டுக் கழிப்பறைகள் பெரும்பாலும் குந்தும் வகை என்பதால் இந்தச் சமநிலை மேலைநாட்டு நூல்கள் சொல்வதைவிட இங்கே முக்கியமானது.

சொல் புரிகிறதா என்று பார்க்கத் தனிச் சோதனை வேண்டாம். "அப்பா செருப்ப எடுத்துட்டுப் போயி வாசல்ல வை" என்றால் எடுத்து, நடந்து, வைத்துவிட்டு வருகிற குழந்தைக்கு இரண்டு கட்டளைகளைச் சேர்த்து நினைவில் வைக்க முடிகிறது. அக்கா கழிப்பறைக்குப் போகும்போது பின்னாலேயே ஓடுவதும், நனைந்த துணியைச் சகிக்காமல் இழுப்பதும் ஆர்வம் பிறந்துவிட்டதைச் சொல்லும்.

எல்லாவற்றிலும் தெளிவான அறிகுறி, குழந்தை எப்போது சொல்கிறது என்பதில் இருக்கிறது. முதலில், எல்லாம் முடிந்த பிறகு வந்து "ஆய்" என்று காட்டும். பல வீடுகளில் அடி விழுவது இந்தக் கட்டத்தில்தான். "முடிஞ்ச பெறகு வந்து சொல்றியே, முன்னாடியே சொன்னா என்ன?" என்று அதட்டப்பட்ட குழந்தை அடுத்த முறை சொல்லாமலே இருந்துவிடும். பிந்திச் சொல்வது தவறே அன்று; தன் உடலில் நடந்ததைக் குழந்தை கவனித்துவிட்டது என்பதற்கு அது முதல் சான்று, பாராட்டுக்குரியது. அடுத்த கட்டத்தில், நடந்துகொண்டிருக்கும்போதே தெரியவரும். விளையாட்டை நிறுத்தி அசையாமல் நிற்கும், முகம் சிவக்கும், கதவிடுக்கிலோ பீரோவுக்குப் பின்னாலோ ஒதுங்கும். தனியிடம் தேடி ஒதுங்கும் குழந்தை ஏறத்தாழ ஆயத்தமாகிவிட்டது. மூன்றாவதாக, ஒரு நிமிடமாவது முன்கூட்டி "ஒண்ணுக்கு வருது" என்று சொல்லும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். இரண்டாவது கட்டம் தெரிந்ததும் பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

எதற்கெடுத்தாலும் "மாட்டேன்" என்று மறுக்கும் பருவம் உச்சத்தில் இருந்தாலோ, வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்திருந்தாலோ, காய்ச்சலில் எழுந்த நேரமாக இருந்தாலோ, மற்ற அறிகுறிகள் இருந்தும் சில வாரம் தள்ளிப்போடுவது மேல்.

வீட்டின் ஆயத்தம்

ஆயத்தம் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல்லின் பழைய தெருக்களில் உள்ள காம்பவுண்டு வீடுகளில் பல குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை. அதுவும் முற்றம் தாண்டி. ஒரு நிமிடமே அடக்கத் தெரிந்த குழந்தை அங்கே போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். இருட்டான அறையும், பெரியவர்களுக்கு அளவெடுத்த கோப்பையின் இடைவெளியும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தை உண்டாக்குகின்றன. பக்கத்துத் திருச்சியில் கிராமாலயா தொண்டு நிறுவனம் குடிசைப் பகுதிகளில் குழந்தைகளுக்கென்றே தனிக் கழிப்பறைகளை அமைத்தது இந்த அச்சத்துக்கு நல்ல விடை. வீட்டளவில், முதல் சில மாதங்களுக்கு அறைக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் இருக்கை போதும். மலத்தை உடனே கழிப்பறையில் கொட்டிக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னக் குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற நம்பிக்கையில் அதைச் சாக்கடையிலும் குப்பைமேட்டிலும் எறிவது இன்னும் நிற்கவில்லை. நோய்க் கிருமிக்கு வயது வேறுபாடு இல்லை.

தண்ணீர் இன்னொரு கணக்கு. ஆத்தூர் காமராஜர் அணையையும் பேரணையையும் நம்பி வளர்ந்த நகரம் இது. குழாயில் தண்ணீர் வராத நாளில் நனைந்த ஒவ்வொரு துணியும் தாயின் பொறுமையைத் தின்னும். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய்மாருக்குப் பகலெல்லாம் உடனிருக்கும் வாய்ப்பில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. குழந்தைகளின் துணி துவைக்கவும் மாற்றவும் வசதி கேட்க அதில் இடமும் இருந்தது. இந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடாமல் நடைமுறைக்கு வந்தால் இரண்டு வயதுக் குழந்தையின் அன்றாடமே மாறும்.

தமிழ்நாட்டில் இரண்டு வயது முடிந்ததுமே குழந்தைகள் அங்கன்வாடிக்கு வரத் தொடங்குகிறார்கள். சௌராஷ்டிரம், உருது, தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் கலந்துள்ள வட்டாரம் இது. வீட்டில் குழந்தை என்ன சொல்லி அல்லது எந்தச் சைகை காட்டிக் கேட்கிறது என்பதை ஆசிரியையிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தனியார் மழலையர் பள்ளியில் சேர்க்க, ஜூன் மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று மே மாதத்தில் நெருக்குவது நகரத்தில் அதிகம். துணி சீக்கிரம் காயும், குழந்தை ஜட்டியோடு திரியலாம் என்பதால் கோடை நல்ல பருவம்தான். அறிகுறி இல்லாத குழந்தையிடம் அந்த வசதி பயன்படாது.

நெருக்கினால் என்ன ஆகும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962இல் 1,170 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, குழந்தையின் ஆயத்தத்தைப் பின்தொடரும் முறையை முன்வைத்தார். சராசரியாக 28.5 மாதத்தில் அவர்கள் பகல் கட்டுப்பாட்டை அடைந்தார்கள். 2003இல் வந்த இன்னோர் ஆய்வு, 27 மாதத்துக்கு முன் தீவிரமாகத் தொடங்கியவர்கள் முன்கூட்டியே முடித்துவிடவில்லை என்று கண்டது. அவர்களுக்குப் பயிற்சிக் காலம்தான் நீண்டது.

நெருக்கடியின் மோசமான விளைவு மலத்தை அடக்குவது. அதட்டலுக்கு அஞ்சியோ, ஒருமுறை வலித்ததாலோ குழந்தை அடக்குகிறது. அடக்கிய மலம் இறுகி மேலும் வலிக்கிறது. வலிப்பதால் மீண்டும் அடக்குகிறது. பல நாள் இப்படிப் போனால் மலக்குடல் விரிந்து உணர்வு மழுங்கும், இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிவிடும் வீடுகள் உண்டு. வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைக்கும் பழைய கைமருத்துவம் புண்ணையும் அச்சத்தையும் கூட்டும், விட்டுவிடுவது நல்லது. கீரை, ஆயக்குடிக் கொய்யா, போதிய தண்ணீர் ஆகியவற்றோடு, பயிற்சியைச் சில வாரம் நிறுத்திவைப்பதே முதல் மருந்து. பாலை மட்டும் வயிறு நிறையக் குடிக்கும் குழந்தைக்கு அதன் அளவைக் குறைத்துச் சோறும் காய்கறியும் கூட்ட வேண்டும்.

இரவும், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரமும்

இரவில் படுக்கையை நனைப்பது பயிற்சிக்குக் கட்டுப்பட்டதன்று. முதிர்ச்சி வரும்போது தானே நிற்கும். ஐந்து வயதில்கூட 100இல் சுமார் 15 குழந்தைகள் நனைக்கிறார்கள். அதற்காகச் சூடு காட்டி மிரட்டுவதும், பிறர் முன் சொல்லி நாணவைப்பதும் கொடுமை.

நான்கு வயது கடந்தும் பகலில் நனைத்தாலும், சிறுநீர் கழிக்கும்போது அழுதாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல மாதம் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென மீண்டும் நனைக்கத் தொடங்கினால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே தாகமும் மெலிவும் இருந்தால் அன்றே இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சின்னாளபட்டியை ஒட்டிய காந்திகிராமத்தின் கஸ்தூர்பா மருத்துவமனையும் வட்டாரத்தில் நாடக்கூடிய இடங்கள். நடையும் பேச்சும் பிந்தும் குழந்தைகளுக்குக் கழிப்பறை ஆயத்தமும் பிந்தித்தான் வரும். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. எடை, உயரம் பார்க்கும் அந்த நேரத்தில் தாய் இதையும் கேட்கலாம்.