தன் கையும் பிறர் கையும்

பிள்ளைப்பேற்றைத் தாம் விரும்பும் காலத்திற்குத் தாய்மார் தள்ளிவைப்பதற்கு மருத்துவ அறிவு மாத்திரம் போதாது. அவ்வறிவு மாத்திரையாகவோ உறையாகவோ மருந்தகத்தின் அலுமாரியில் இருத்தல் வேண்டும். அதற்கு யாரேனும் விலை கொடுத்திருத்தலும் வேண்டும். அவ்விலையைக் கொடுத்தவர் யாவர் என்னும் வினாவுக்கு விடை தேடிய கதையே வளர்முக நாடுகளின் குடும்பத் திட்ட வரலாற்றிற் பெரும் பகுதியாகும்.

இலங்கையில் இம்முயற்சி தனியார் தொண்டாகவே பிறந்தது. கனடாவிற் பிறந்து, இலங்கைத் தமிழரொருவரை மணந்து, கொழும்பிலே மருத்துவத் தொண்டாற்றிய டாக்டர் மேரி இரட்ணம் 1937-ல் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1953-ல் குடும்பத் திட்டச் சங்கம் நிறுவப்பட்டது. 1958-ல் சுவீடன் அரசாங்கம் இலங்கையோடு உடன்படிக்கை செய்து, பண்டாரகமக் கிராமப் பகுதியிலும் மலையகத்து டயகமத் தேயிலைத் தோட்டத்திலும் மாதிரித் திட்டமொன்றை நடத்த முன்வந்தது. இத்துறையில் ஓர் அரசாங்கம் பிறிதோர் அரசாங்கத்துக்கு உதவிய முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று. 1965-ல் சுகாதார அமைச்சு இப்பணியைத் தாய் சேய் நலச் சேவையோடு இணைத்துக்கொண்டது.

ஆயினும், கொடுப்பவர் மனம் மாறினால் அலுமாரி வெறுமையாகும். 1984-ல் மெக்சிக்கோ நகர மாநாட்டிலே அமெரிக்க அரசாங்கம் புதிய கொள்கையொன்றை அறிவித்தது. கருக்கலைப்புச் சேவையோடு தொடர்புடைய அயல்நாட்டுச் சங்கங்களுக்கு அது குடும்பத் திட்டப் பணத்தை மறுத்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறுந்தோறும் அக்கொள்கை நீக்கப்பட்டும் மீட்கப்பட்டும் வந்தது. தொலைவிலுள்ள தேர்தலொன்றின் முடிவு, அதில் வாக்களிக்காத ஏழைத் தாயின் வாழ்வைத் தீண்டிற்று.

ஆகவே வேறு வழிகள் நாடப்பட்டன. இந்தியா 1968-ல் 'நிரோத்' உறைகளை மூன்று 15 பைசாவுக்கு விற்கத் தொடங்கியது. தேயிலையும் சவர்க்காரமும் விற்ற பெரிய கம்பெனிகளின் வண்டிகளே அவற்றைப் பட்டிதொட்டிகளுக்குக் கொண்டு சென்றன. விலையிற் பெரும்பகுதியைத் திறைசேரி தாங்கியது. எஞ்சியதை வாங்குவோர் கொடுத்தனர். 1973-ல் இலங்கையிலும் 'பிரீதி' என்னும் பெயரோடு உறைகள் சில்லறைக் கடைகளுக்கு வந்தன. இத்தகைய விற்பனை வருவாய் குடும்பத் திட்டச் சங்கத்தின் ஏனைய பணிகளுக்கும் ஊன்றுகோலாயிற்று. எனினும் இவ்வழிக்கும் ஓர் எல்லை உண்டு. கையிற் காசில்லாதவளுக்குக் கடையின் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

1994-ல் கெய்ரோவிற் கூடிய உலக மாநாடு ஒரு பங்கீட்டை வகுத்தது. இனப்பெருக்க நலப் பணிகளுக்கு 2000-ஆம் ஆண்டில் 1,700 கோடி டொலர் வேண்டும் என்றும், அதில் மூன்றிலிரண்டு பங்கை வளர்முக நாடுகளே ஏற்க, எஞ்சியதைச் செல்வ நாடுகள் தரவேண்டும் என்றும் அது கணித்தது. செல்வ நாடுகளின் பங்கு கணித்த அளவுக்கு வந்து சேரவில்லை.

2013-ல் இன்னுமொரு வழி பயனளித்தது. தோலுக்கடியில் வைக்கப்படும் 'ஜடெல்' என்னும் கருத்தடைச் சாதனத்தின் விலை 18 டொலர். ஆறு ஆண்டுகளில் 2 கோடியே 70 லட்சம் சாதனங்கள் விற்பனையாகும் என்பதற்குக் கேட்ஸ் அறநிலையமும் சில அரசாங்கங்களும் பொறுப்பேற்றன. உற்பத்தியாளரான பேயர் கம்பெனி விலையை 8.50 டொலராகக் குறைத்தது. இங்கே உதவி என்பது கொடையன்று, பிணை. விற்பனை உறுதியானதும் விலை தானே இறங்கியது.

இவற்றுள் ஒன்றேனும் தனித்து நிற்கவல்லதன்று. 2022-ல் அன்னியச் செலாவணி வற்றியபோது இலங்கையின் மருந்தகங்கள் வாடின. தன் கைப் பணமும் சில வேளை தவறும் என்பதை அது காட்டிற்று. 2025-ல் அமெரிக்காவின் அயல்நாட்டு உதவி நிறுவனம் மூடப்பட்டது. பிறர் கையை மாத்திரம் நம்பலாகாது என்பதை அது காட்டிற்று. திறைசேரி, கொடை, விற்பனை, பிணை என்னும் நான்கு கால்களில் எது முறிந்தாலும் ஏனையவை தாங்கவேண்டும். தாங்காவிடில், நெடுந்தூரம் நடந்து மருந்தகம் வந்த பெண்ணொருத்தி வெறுங்கையோடு திரும்புவாள். அந்த விலையை அவள் தன் உடலினாலேயே கொடுப்பாள்.