தொழிலாளிக்கு ஊர்க்கூலி, பரிசோதகருக்கு நாட்டுச் சம்பளம்

அரசாங்க உத்தியோகத்தர் எந்த ஊரிற் பணியாற்றினாலும் ஒரே சம்பளம் பெறுவதே நீதி என்று நம்மிற் பலர் கருதுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி அரசும் (நம் நாட்டில் அச்சொல்லுக்கு வேறு வரலாறு) நெடுங்காலம் அவ்வாறே கருதியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பொதுச் சம்பள அட்டவணை நாடு முழுவதற்கும் ஒன்றாகவே இருந்தது.

விந்தை என்னவெனில், 1931இல் இயற்றப்பட்ட டேவிஸ்-பேக்கன் சட்டத்தின்படி, அரசின் ஒப்பந்த வேலைகளிற் கொங்கிறீற்று இடும் தொழிலாளிக்கு அவ்வூரில் நிலவும் கூலியைக் கொடுத்தாகவேண்டும். அந்தக் கொங்கிறீற்றின் தரத்தைச் சோதிக்கும் அரசுப் பரிசோதகருக்கோ அத்தகைய பொதுவான உரிமை எதுவும் நெடுங்காலம் இருக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் வாடகையைச் சிற்றூர்ச் சம்பளத்திற் கட்டவேண்டியவர், தாம் சோதிக்கும் ஒப்பந்தகாரரிடமே வேலை தேடிப் போனால் யாரை நோவது? பரிசோதகரைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருப்பது சிக்கனமன்று என்பதே என் எண்ணம்.

1990இல் மூத்த புஷ் கையொப்பமிட்ட சட்டத்தின் கீழ், 1994 ஜனவரி முதல் இடத்துக்கேற்ற கொடுப்பனவு சேர்க்கப்பட்டது. 2025இல் அது சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அடிப்படைச் சம்பளத்தின் 46.34 சதவீதம், தனி வட்டாரமாக வகுக்கப்படாத இடங்களில் 17.06 சதவீதம். வெளிச்சந்தை ஊதியத்துடனான இடைவெளியை 5 சதவீதமாகக் குறைப்பதே சட்டத்தின் இலக்கு. கட்சி பேதமின்றி ஜனாதிபதிகள் மாற்றுத் திட்டங்களை முன்வைத்து அதனைத் தள்ளிப்போட்டே வந்துள்ளனர்.