தோட்டக்காட்டுப் பெண்கள் பிடித்த துப்பாக்கி

ஜான்சி ராணிப் படை என்றதும் நமக்குக் காட்டப்படும் படம் ஒன்றுதான். ராணுவ உடுப்பில் கேப்டன் லட்சுமி. அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்களே, அவர்கள் யார் பெற்ற பிள்ளைகள்? இதைத்தான் நான் கேட்கிறேன்.

எங்கள் தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு சீமைகளில் கங்காணிகள் ஆள் பிடித்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களில் பறையரும் பள்ளரும் பெருந்தொகை. பஞ்சமும் கடனும் தீண்டாமையும் சேர்ந்து துரத்தின. போன இடத்திலும் 1920களின் கடைசியில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40.

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. தோட்டங்கள் முடங்கின. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதை போட, தோட்டத்து ஆம்பிளைகளை அள்ளிக்கொண்டு போனான். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் செத்தார்கள். லயத்தில் மிஞ்சிய பொம்பளைகள் மண்ணைக் கொத்திக் கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். இதுவும் போர்க்காலத்து உழைப்புதானே? இதை யார் கணக்கில் எழுதினார்கள்?

1943 அக்டோபர் 22, சிங்கப்பூரில் படையின் பயிற்சி முகாம் திறந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் உண்டு. துப்பாக்கி சுடப் பழகினார்கள். பர்மாவில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945இல் பின்வாங்கும்போது ரயில் தாக்கப்பட்டதில் இருவர் உயிர்விட்டார்கள்.

தேசபக்தி என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிட எனக்கு ஒப்பவில்லை. 'கூலி' என்றே கூப்பிடப்பட்டவளுக்கு அங்கே சிப்பாய் என்று பேர் கிடைத்தது. சாதி பார்க்காத பொதுச் சமையல் கிடைத்தது. அதே சமயம், தோட்டத்து ஆம்பிளைகளை ரயில்பாதையில் சாகக்கொடுத்த ஜப்பானோடுதான் அந்தப் படை கைகோத்து நின்றது. இந்த முரணையும் மறைக்காமல் எழுதுவதுதான் நம் வரலாறு.

1998இல் லட்சுமி அம்மையாருக்குப் பத்மவிபூஷண் கொடுத்தார்கள். தகுதியானவர்தான். அவரோடு நின்ற தோட்டத்துப் பெண்களில் பலருக்கோ, போர் முடிந்ததும் மறுபடி பால்மரமும் வாளியும்தான்.

அந்தத் தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கச் சேரிகளில் "மலேயாவுக்குப் போனவங்க" என்று இன்னமும் பேச்சில் வருகிறது. தோழர்களே, அந்த வீடுகளின் பேத்திகளிடம் போய் உட்காருங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். நம்ம பொம்பளைகளின் பேரை நாம்தான் எழுதவேண்டும்.