பள்ளத்தாக்கில் எழுந்த பந்தாட்ட அரங்கம்

பெரியதொரு கட்டடத்தைக் காணும்போது அதன் உயரத்தையும் அழகையும் வியக்கிறோம். அது எழுமுன் அந்நிலத்தில் என்ன இருந்தது என்று கேட்போர் சிலரே. அக்கேள்வியோடு வரலாறு தொடங்குகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1962ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டாட்ஜர் அரங்கம் இதற்குத் தக்க சான்றாகும். பேஸ்பால் ஆட்டத்திற்கென அமைந்த இவ்வரங்கில் 56,000 பேர் அமரலாம்.

மூன்று குடியிருப்புகள்

நகரின் மையப் பகுதிக்கு அருகே, குன்றுகளுக்கிடையில் அமைந்தது சாவேஸ் ரவீன் என்னும் பள்ளத்தாக்கு. பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என மூன்று குடியிருப்புகள் அங்கிருந்தன. மக்களுள் பெரும்பாலோர் மெக்சிக்க மரபினர். செல்வர் அல்லர்; எனினும் பலருக்குச் சொந்த வீடு இருந்தது. ஆடு கோழி வளர்த்தனர், காய்கறி பயிரிட்டனர். தேவாலயமும் பள்ளியும் அவர்களுக்கு இருந்தன.

1950 ஜூலையில் நகர வீடமைப்பு அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்தது. நிலத்தை விற்று வெளியேற வேண்டும். அங்கு அரசாங்கம் புதிய வீடுகளைக் கட்டும். வெளியேறுவோர்க்கே அவ்வீடுகளில் முதலிடம் என்றது கடிதம். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா, ராபர்ட் அலெக்சாண்டருடன் சேர்ந்து அதற்கான திட்டத்தை வரைந்தார். வாக்குறுதியை நம்பியும் வேறு வழியின்றியும் பெரும்பாலோர் விற்றுச் சென்றனர்.

ஆனால் அது பொதுவுடைமை அச்சம் அமெரிக்காவை ஆட்டிப் படைத்த காலம். அரசாங்கம் வீடு கட்டித் தருவதே பொதுவுடைமைச் சூழ்ச்சி என்ற கூக்குரல் எழுந்தது. திட்டத்திற்காக உழைத்த பிராங்க் வில்கின்சன் பதவி இழந்தார். 1953இல் நோரிஸ் பூல்சன் மேயரானார், திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் போயினர், வீடுகளோ வரவில்லை. வெற்று நிலம் நகரின் கைக்கு வந்தது.

அரங்கம் எழுந்த விதம்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டாட்ஜர்ஸ் குழுவை நடத்திவந்தவர் வால்டர் ஓமாலி. அங்குப் புதிய அரங்கம் கட்ட, தாம் விரும்பிய இடம் கிட்டாமையால், 1957இல் குழுவை லாஸ் ஏஞ்சலிசுக்கு மாற்ற முடிவு செய்தார். ஏறத்தாழ 300 ஏக்கர் நிலத்தை அவருக்கு அளிக்க நகரசபை இசைந்தது. எதிர்ப்பு எழவே, 1958 ஜூன் 3ஆம் நாள் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தும், ஒப்பந்தம் 26,000க்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டிலேயே வென்றது.

விற்க மறுத்துத் தங்கியிருந்தோர் சிலர். 1959 மே 8ஆம் நாள் காவலர் வந்து அவர்களை அகற்றினர். ஒரு பெண்ணைக் கைகால் பற்றித் தூக்கிச் சென்ற காட்சி செய்தித்தாள்களில் வெளியாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் அரங்க வேலை தொடங்கியது. 80 இலட்சம் கன கெஜம் மண் வெட்டி நகர்த்தப்பட்டது. வார்க்கப்பட்ட 21,000 கான்கிரீட் பகுதிகள் பொருத்தப்பட்டன. செலவு 2 கோடியே 30 இலட்சம் அமெரிக்க வெள்ளி. அதனை ஓமாலியின் நிறுவனமே ஏற்றது. 1962 ஏப்ரல் 10ஆம் நாள் முதல் ஆட்டம் நடந்தது. பாலோ வெர்டே பள்ளிக் கட்டடம் மண்ணுக்கடியில் புதைந்துபோயிற்று.

ஆண்டுகள் கூறும் உண்மை

அரங்கத்திற்காகவே ஊர் அழிக்கப்பட்டது என்று பலர் சொல்வர். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பாதி உண்மையே எனத் தெரியும். மக்களுள் பெரும்பாலோர் வெளியேறியபோது ஓமாலி நாட்டின் மறுகோடியில் இருந்தார். அவர்களை முதலில் வெளியேற்றியது வீடு தருவோம் என்ற வாக்குறுதி. அரங்கத்தின் பொருட்டு அகற்றப்பட்டோர் எஞ்சிய சிலரே. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய திட்டமும், வாக்குத் தவறினால் கொடுமையில் முடியும். பழியை ஒருவர் தலையில் சுமத்துவது எளிது. பலரிடை அதனைப் பகுத்துக் காண்பதே வரலாற்று நெறி.

வெளியேறியோர் பின்னாளில் தம்மை 'மண்ணிழந்தோர்' எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் அழைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் ஒன்றுகூடி வந்தனர். 1981இல் மெக்சிக்க வீரர் பெர்னாண்டோ வலென்சுவேலாவின் பந்துவீச்சைக் காண அம்மரபினர் அதே அரங்கில் திரண்டனர். அங்கு எழுந்த ஆரவாரம் உண்மை. அதனடியில் புதைந்த பள்ளியும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முழு வரலாறு.